பிள்ளை பார்க்க ஒரு ஆள்

விக்கிரமசிங்கபுரம்,
5.8.2024

அன்புள்ள பிரேமாவுக்கு,

உன் அக்கா சுடலைவடிவு எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரரும் தருணும் திருப்பூரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையன் கோயிலுக்கு வந்த செல்வமணி நாளைக்குத் திருப்பூர் திரும்புகிறாள். உன் பனியன் கம்பெனியில்தான் அவளும் தைக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் ஓடிப் போய்ப் பார்த்தேன். அவள் கையில்தான் இதைக் கொடுத்து விடுகிறேன். போனில் நாம் பேசின கடைசித் தடவை, "என்ன, திரும்ப ஊருக்குக் கூப்பிடுதாளா?" என்று உன் வீட்டுக்காரர் கேட்டது எனக்கே கேட்டது. நீ "வைக்கேன்க்கா" என்று வைத்துவிட்டாய். நடராஜைக் குற்றம் சொல்லவில்லை. இங்கே அவருக்கு வேலை இல்லாமல் போனபோது நீங்கள் கிளம்பாமல் வேறு என்ன செய்ய முடியும்? ஆனாலும் இனி போன் செய்து உனக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

நீ இருந்த பக்கத்து வீட்டுக்கு ஒரு புதுக் கல்யாண ஜோடி வந்திருக்கிறது. இரண்டு பேரும் அம்பாசமுத்திரத்தில் வேலை பார்க்கிறார்கள். பகல் முழுக்கப் பூட்டுத்தான் தொங்குகிறது. நல்ல பிள்ளைகள், வாசலில் பார்த்தால் சிரிக்கும்.

நீ போன உடனே நான் ஷிப்டு மாற்றிக் கேட்டேன். ரெண்டாம் ஷிப்டில் இருந்தால் பொழுது அடைந்த பிறகு பிள்ளைகள் தனியாகக் கிடக்கும் இல்லையா. உன் இடம் காலியாகத்தான் இருந்தது, முதல் ஷிப்டு கொடுத்துவிட்டார்கள். இப்போது விடியுமுன்னே மில் வேனுக்கு நான் நிற்கிறேன். நூல் மிஷினில் நீ பார்த்த சைடைத்தான் பார்க்கிறேன். நீ வேனை விட்டு இறங்க, நான் அதே வேனில் ஏற, சின்னவன் மணியை உன் இடுப்புக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, "சோறு ஊட்டியாச்சு, மூக்கு ஒழுகுது" என்று சொல்லிவிட்டுப் போவேனே, அதை அப்போது ஒரு பெரிய விஷயமாக நான் நினைத்ததே இல்லை. உன் தருணுக்கு நான் தலை துவட்டினேன், என் பிரியாவுக்கு நீ சடை பின்னினாய். கூடப் பிறக்காவிட்டாலும் மூன்று வருஷம் அப்படி ஓடிவிட்டது.

மணியை முதலில் முக்கூடலுக்குக் கொண்டுபோய் என் மாமியாரிடம் விட்டேன். அத்தை மேல் எனக்கு வருத்தம் இல்லை. "ஏளா, நான் ஒக்காந்தா பீடி, எந்திரிச்சா சமையலு. தட்ட மடியில வச்சிக்கிட்டு இவன எங்கன வைக்க?" என்றார்கள். அப்படியும் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நாள் அவன் புகையிலைத் தூளை அள்ளி வாயில் போட்டு வாந்தி எடுத்துக் கண் சொருகிவிட்டான். அன்றைக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அத்தையும், "என்ன நம்பி விடாத தாயி" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பால்வாடியில் சேர்த்தேன். அங்கே பத்து மணிக்குத்தான் கதவு திறக்கும். பிரியா ஒன்பது மணிக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு மணி நேரம். பிரேமா, அந்த ஒரு மணி நேரத்துக்கு எனக்கு ஆள் கிடைக்கவில்லை. நம் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டேன். மூலை வீட்டு அக்கா, "எங்க வீட்டு ஆளுக்கு பிள்ளைச் சத்தம் ஆகாது" என்றாள். ஒருத்திக்கு முட்டுவலி, ஒருத்திக்கு அந்த நேரம்தான் தண்ணீர் வரும். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஒவ்வொருத்திக்கும் ஒரு நியாயம் இருந்தது. எதிர்வீட்டுப் பேச்சியம்மாளிடம் மட்டும் நான் போகவில்லை. குழாயடிச் சண்டைக்குப் பிறகு நானும் பேசுவதில்லை, அவளும் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

அதனால் பிரியா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். ஞானம்பாள் டீச்சர் தங்கமான மனுஷி. "பின் பெஞ்சில உக்காத்தி வை, அழாமப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார்கள். அவன் அழாமல் இருப்பானா? நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டையெல்லாம் கிழித்துவிட்டான். பெரிய டீச்சர் வந்து சத்தம் போட, அதோடு நின்றது. பிறகு பால்வாடி திறந்ததும் அவனை விட்டுவிட்டு ஓடுவாள். தினமும் ஒரு மணி நேரம் பிந்திப் போய் வாசலில் நிற்பாள். பால்வாடி டீச்சருக்கு மீட்டிங், கணக்கெடுப்பு என்று வந்துவிட்டால் அதுவும் கிடையாது. இந்த ஆடி மாதத்தில் அவள் பள்ளிக்கூடம் போனது குறைவுதான். எழுதவே கூசுகிறது. ஒன்பது வயசுப் பிள்ளை, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி எனக்குச் சொல்கிறாள்: "தம்பிக்கு ஊட்டிட்டேன், கால் கழுவி விட்டுட்டேன், தொட்டில்ல போட்டுட்டேன்." நான் வந்ததும் விளையாட ஓட மாட்டாள். படுத்துத் தூங்குகிறாள்.

இவர் கேரளாவில் கட்டட வேலையில்தான் இருக்கிறார். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வருகிறார். "வேலைய விட்ருன்னுதான் நான் சொல்லுதேன், நீ கேக்கமாட்டேங்க" என்கிறார். கோபமாகச் சொல்வதில்லை, சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறார்.

எனக்கு விட மனசு வரவில்லை பிரேமா. உன்னிடம் சொன்னால்தான் புரியும். ஒடிசாவிலிருந்து பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நம் டிபார்ட்மெண்டுக்கு வந்திருக்கிறார்கள். நம் பேச்சு அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் பேச்சு நமக்குத் தெரியாது. அறுந்த இழையைப் பிடித்துப் போடுவதை என் விரலைப் பார்த்தே படிக்கிறார்கள். சரியாக வந்துவிட்டால் "திதி, திதி" என்று கையைத் தட்டுகிறார்கள். அக்கா என்று அர்த்தமாம். மாஸ்டர் பார்த்துவிட்டு, "தீபாவளிக்குள்ள ஒன்ன ட்ரெய்னராப் போடச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன், லீவு மட்டும் போட்டுறாத" என்றார். சத்தத்துக்கு நடுவில் முதலில் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். வீட்டில் நான் அம்மா, மருமகள், ஏளா. அங்கே என்னை வடிவு என்று கூப்பிடுகிறார்கள்.

மில் கேட்டுக்குப் பக்கத்தில் 'குழந்தைகள் காப்பகம்' என்று போர்டு மாட்டின அறை இருக்கிறதே, அதைத் திறந்து தரக் கேட்டேன். உள்ளே நூல் சுற்றுகிற காலிக் கோன் மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிறது. "ஒரு ஆள் கேக்கிறதுக்காக எப்படிம்மா செய்ய முடியும்?" என்றார் மேனேஜர். வேனில் வருகிற பிள்ளைக்காரிகளை உடன் வரச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் வேலை போய்விடக் கூடாதே என்ற பயம்.

உன்னை வரச் சொல்லி இதை எழுதவில்லை. பள்ளிக்கூடத்து அரைப்பரீட்சை வரைக்குமாவது உன் சொந்தத்தில் யாராவது ஒரு பெண் இங்கே வந்து எங்களோடு தங்க முடியுமா என்று விசாரித்துச் சொல். சோறு, துணி எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

தருணை நேரத்துக்குச் சாப்பிட வை. அவனுக்கு வெயில் ஆகாது. நீங்கள் எல்லாரும் நல்லபடியாக இருங்கள்.

உன் அக்கா,
சுடலைவடிவு


பெரியாஸ்பத்திரி, பாளையங்கோட்டை,
22.9.2024

அன்புள்ள பிரேமாவுக்கு,

முதலில், பிள்ளை உயிரோடு இருக்கிறாள். அதை எழுதிவிட்டுத்தான் மற்றது. செல்வமணிக்கு ஊரிலிருந்து யாராவது சொல்லி, அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். வாய் மாறி வாய் மாறி என்னவாக வந்து சேர்ந்ததோ தெரியாது. அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். வார்டுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் எப்போதும் சோறு வடித்து வைத்துவிட்டுத்தான் வேன் ஏறுவேன். அன்றைக்கும் வைத்திருந்தேன். மணிக்கு இரண்டு நாளாகச் சளி. ஆறின சோறு வேண்டாம் என்று துப்பிவிட்டு அழுதிருக்கிறான். பால்வாடியும் அன்றைக்கு இல்லை. பிரியா அடுப்பைப் பற்றவைத்து, உலை வைத்து, அரிசி போட்டிருக்கிறாள். நான் செய்வதைப் பார்த்துப் பார்த்துப் படித்தது. அதுவரைக்கும் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறாள். பானையைத் துணி போட்டுப் பிடித்து வடிக்கச் சாய்த்தபோது, மணி பின்னாலிருந்து வந்து பாவாடையைப் பிடித்து இழுத்திருக்கிறான்.

பானை பக்கவாட்டில் சரிந்திருந்தால் அவன் தலையில் கொட்டியிருக்கும். இவள் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள். இதை நான் இட்டுக்கட்டவில்லை. இரண்டு நாள் கழித்துக் கண் திறந்து அவளே சொன்னாள்: "தம்பி மேல படும்னு என் பக்கம் திருப்பிட்டேன்மா." இடுப்பிலிருந்து இடது கால் பாதம் வரைக்கும் கொதிக்கிற கஞ்சியும் சோறும். அப்படியே அடுப்பை அணைத்திருக்கிறாள். தம்பியை அடுப்படிக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறாள். அதன் பிறகுதான் அலறியிருக்கிறாள்.

ஓடி வந்தது பேச்சியம்மாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, பெட்டியில் இருந்த வெள்ளை வேட்டியை எடுத்துப் போர்த்தி, தெருவில் நின்று கத்தியிருக்கிறாள். முகம்மது மைதீன் ஆட்டோவைப் போட்டுக்கொண்டு வந்து, அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அங்கிருந்து என்னைத் தேடி மில்லுக்கு வந்தார். நம் போனையெல்லாம் கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்களே. பேச்சியம்மாள் விடாமல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள், டப்பாவுக்குள் கிடந்து அது அடித்து ஓய்ந்திருக்கிறது. நான் ஒடிசாப் பிள்ளை ஒருத்தியின் கையைப் பிடித்து இழை போடக் காட்டிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் வந்து மிஷினை நிறுத்தச் சொன்னபோது ஏதோ பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனேன் பிரேமா.

வாசலில் மைதீன் அண்ணாச்சி நின்றார். "பதறாதம்மா. பிள்ளைக்குப் பேச்சு இருக்கு. பைய ஏறு" என்றார். ஆம்புலன்ஸில் இங்கே கொண்டுவந்தோம். டாக்டர்களும் நர்சுகளும் நன்றாகப் பார்க்கிறார்கள். தொடையிலிருந்து தோலெடுத்துக் காலில் வைத்திருக்கிறார்கள். கட்டு மாற்றுகிற நாளில் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிடுவார்கள். வெளியே நின்றாலும் கேட்கத்தான் செய்யும்.

பிள்ளைகள் நலத்துக்கென்று இருக்கிற அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா விசாரிக்க வந்தார்கள். "பிள்ளைய யார் பொறுப்புல விட்டுட்டுப் போனீங்க?" என்று கேட்டார்கள். நான் கட்டிலைக் காட்டி, "அவ பொறுப்புலதான்" என்றேன். எழுதிக்கொண்டிருந்த அந்த அம்மா நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதாம். போகும்போது சொன்னார்கள். பிள்ளையை ஹோமுக்குக் கொண்டுபோய்விடுவார்களோ என்று அன்றைக்கு முழுக்க அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அப்படியெல்லாம் செய்யவில்லை.

தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. மூலை வீட்டு அக்கா அவள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைச் சத்தம் ஆகாது என்ற அந்த மனுஷன் பிரியாவைப் பார்த்துவிட்டு வராந்தாவில் போய்த் தேம்பித் தேம்பி அழுதார். ஹார்லிக்ஸ், ஆரஞ்சுப்பழம், ரொட்டி எல்லாம் அலமாரியில் வைக்க இடமில்லை. வேனில் வருகிற பெண்கள் எல்லாரும் ஒரு நாள் ஷிப்டு முடிந்து நேராக வந்தார்கள். தலையில் பஞ்சோடு வரிசையாக நின்றார்கள். இவ்வளவு பேருக்கும் மனசு இருக்கிறது. பானை கொட்டுவதற்கு முன்னால் இது எங்கே இருந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

இவர் கேரளாவிலிருந்து வந்துவிட்டார். கட்டில் பக்கம் நின்றுகொண்டு, "நான் அப்பமே சொன்னேன்" என்றார். "எனக்கு மட்டும் சொன்னியளே, நீங்களும் பெத்தவுகதான?" என்று நான் கேட்டேன். நர்சு வந்து சத்தம் போடாதீர்கள் என்றாள். பிறகு அவர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தார். அவரைத் திட்டவும் எனக்குத் தெம்பு இல்லை.

எல்லாரும் போன பிறகு பிரியா என்னைக் கூப்பிட்டாள். குனிந்தேன். "யம்மா, நீ வேலைய விட்டுறாத. நான் இனிமே பாத்து வடிக்கேன்" என்றாள்.

இதற்கு மேல் எழுத ஓடவில்லை. மணி பேச்சியம்மாள் வீட்டில் இருக்கிறான். அவள் நேற்று அவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் மாட்டேம்னா சொல்லியிருப்பேன்?" என்றாள். நான் அழுதேன். அவளும் அழுதாள். "நீ கேக்கலன்னா என்ன, நானாவது கேட்டிருக்கணும்லா. தெனம் அந்தப் பிள்ள அவன இடுப்புல வச்சிக்கிட்டு வாசல்ல நிக்கத நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள்.

நீ கிளம்பி வர வேண்டாம். உன்னால் முடியாது என்று தெரியும். பிள்ளைக்காக வேண்டிக்கொள்.

வடிவு


விக்கிரமசிங்கபுரம்,
16.1.2025

அன்புள்ள பிரேமாவுக்கு,

அக்கா எழுதுவது. பொங்கலுக்கு நீங்கள் வருவீர்கள் என்று பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தன. செல்வமணி மட்டும்தான் வந்தாள். இன்று மாலை கிளம்புகிறாள். அவள் ஒரு பக்கம் உட்கார்ந்து காபி குடிக்கிறாள், நான் எழுதுகிறேன்.

பிரியா தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்கு வந்தாள். நடக்கிறாள். இடது முழங்கால் முழுதாக நீள மாட்டேன் என்கிறது. தோல் இறுகிச் சுருங்கிப் பிடித்திருக்கிறது. தினமும் எண்ணெய் தடவி நீட்டி மடக்க வேண்டும், கோடையில் இன்னொரு ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் நீட்டும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். அழ மாட்டாள். அழுதுவிட்டால் எனக்கு நல்லது. மைதீன் அண்ணாச்சி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிறார். ஞானம்பாள் டீச்சர் விட்ட பாடமெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அடுப்படிப் பக்கம் மட்டும் அவள் வருவதே இல்லை. குக்கர் விசில் அடித்தால் எங்கே இருந்தாலும் தம்பியைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொள்கிறாள். சத்தம் அடங்கினால்தான் விடுவாள்.

மில்லில் என் பேரை எடுத்துவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, எவ்வளவு நாள்தான் காத்திருப்பார்கள். ட்ரெய்னர் வேலை கடையத்திலிருந்து வருகிற ஒரு பெண்ணுக்குக் கொடுத்தாயிற்று. கெட்டிக்காரிதான். ஆஸ்பத்திரிக்கு அலைந்தது போக, இப்போதும் பிரியாவுக்குக் காலையும் மாலையும் கால் நீட்டிவிட நான் இருந்தாக வேண்டும். எந்த ஷிப்டிலும் அது நடக்காது.

ஆனால் ஒன்று நடந்தது. நான் அன்றைக்குக் கெஞ்சியும் வராத அந்தப் பெண்கள், பிரியாவைப் பார்த்துவிட்டுப் போன மறுநாள் ஷிப்டு முடிந்ததும் வேனில் ஏறாமல் மேனேஜர் அறை வாசலில் நின்றிருக்கிறார்கள். "இன்னொரு பிள்ளைக்கும் இப்படி ஆகணுமா சார்?" என்று கேட்டார்களாம். அவரும் உடனே கோன் மூட்டைகளை வெளியே எடுக்கச் சொன்னார். வெள்ளை அடித்தார்கள். சுவரில் யானையும் கிளியும் வரைந்தார்கள். பிள்ளைகளைப் பார்க்க ஆள் போடுவதற்கு மட்டும் மேலே எழுதிக் கேட்டிருக்கிறார்களாம். அறை பூட்டித்தான் கிடக்கிறது.

அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார்கள். மூலை வீட்டு அக்காவும் பேச்சியம்மாளும் உடன் இருந்தார்கள். "வடிவு, நீ வீட்லதான இருக்க. எங்க பிள்ளையளையும் சேத்துப் பாத்துக்கோயேன். ஆளுக்குக் கொஞ்சம் குடுத்துருதோம்" என்றார்கள். பேச்சியம்மாள், "ஒத்தையில அவளால முடியாது, நானும் நிக்கேன்" என்றாள். மூலை வீட்டு அக்கா தன் வீட்டு முன்னறையைப் பகலில் ஒழித்துத் தருகிறேன் என்றாள். அவள் வீட்டுக்காரர் தொட்டில் கட்டக் கொக்கி அடித்துக் கொடுத்தார். நான் வேண்டிக் கேட்டதெல்லாம் ஒரே நாளில் கிடைத்துவிட்டது பார். எல்லாருக்கும் பிள்ளை பார்க்க ஒரு ஆள் கிடைத்தாயிற்று. அந்த ஆள் நான்தான்.

கார்த்திகை மாதம் பிறந்ததிலிருந்து அந்த வேலைதான். மணியோடு சேர்த்து ஆறு பிள்ளைகள். விடியுமுன்னே வேன் ஹாரன் கேட்கும்போது ஒவ்வொருத்தியாகத் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். வாங்கிப் படுக்கப் போடுவேன். அவர்கள் ஓடிப் போய் வேனில் ஏறுவார்கள். திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பார்த்தால் போக மனசு வராது என்று எனக்குத் தெரியாதா. நான் நல்ல காரியம்தான் செய்கிறேன். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இவருக்கும் சந்தோஷம். "இதத்தான நான் சொன்னேன், வீட்ல இருன்னு" என்கிறார். சிரித்து வைத்தேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன் பிரேமா. வேன் போன பிறகும் அது போன திசையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்பேன். யாராவது இந்த ஆறு பிள்ளைகளோடு பிரியாவையும் ஒரு ஷிப்டு நேரம் பார்த்துக்கொண்டால், நான் இன்றைக்கும் அந்த வேனில் ஏறிவிடுவேன். பிரியாவின் கால் இப்படி இருக்கும்போதும் ஏறுவேன். ஒரு தாய் இப்படி நினைக்கலாமா என்று தெரியவில்லை. நினைப்பு வருகிறது.

இதையெல்லாம் சொல்ல நான் இந்தக் கடிதத்தைத் தொடங்கவில்லை. தருணைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

செல்வமணி சொல்ல மாட்டேன் என்றுதான் இருந்தாள். "உன் மகன எங்கன விட்டுட்டு வார?" என்று அவள் உன்னைக் கேட்டதற்கு நீ குனிந்து தையலைப் பார்த்துக்கொண்டாயாமே. ஒரு நாள் உன் அறைக்கு வந்தபோது அவளே பார்த்திருக்கிறாள். வெளியே பூட்டு. உள்ளே டிவி சத்தம். ஜன்னல் கம்பி வழியாக அவன், "அத்த, அம்மா வாரதுக்கு இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டானாம். காலில் ஒரு கொலுசு போட்டிருக்கிறானாம், அவன் நடக்கிற சத்தம் தனக்கே துணையாக இருக்கும் என்று நீ போட்டுவிட்டாயாம்.

உன்னைத் திட்ட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? நீ எத்தனை முறை அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, பாதி வழி போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். உள்ளே கேஸ் சிலிண்டர் இருக்கும், வாளியில் தண்ணீர் இருக்கும். அதெல்லாம் உனக்கும் தெரியும். தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது அதுதான் உன் கண்ணில் ஓடும். போன ஆடி மாதத்தில் இதையெல்லாம் யார் சொல்லியிருந்தாலும், "அப்ப நீ வந்து பாத்துக்கோ" என்று நானே கேட்டிருப்பேன். நியாயம்தான். என்னால் இங்கிருந்து வர முடியாது.

ஆனாலும் ஒன்று மட்டும் செய். இந்தக் கடிதத்தைப் படித்த அன்றைக்கே செய். பக்கத்து அறைக் கதவைத் தட்டு. இந்திக்காரப் பெண்ணாக இருந்தாலும் சரி, நீ முகமே பார்க்காதவளாக இருந்தாலும் சரி. பிள்ளையைக் காட்டு, சாவியைக் காட்டு, அவளுக்குப் புரியும். அவள் முடியாது என்றால் அடுத்த கதவைத் தட்டு. உன்னோடு சண்டை போட்டவள் வீடாக இருந்தாலும் தட்டு. வெட்கமாகத்தான் இருக்கும். நடராஜ் ஏதாவது சொன்னால், பிரியாவின் காலை ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் பிறகு பேசச் சொல். சாவி உன் ஒருத்தி இடுப்பில் மட்டும் இருக்க வேண்டாம் தாயி.

யாரிடமாவது கேட்டுவிட்டாய் என்று ஒரே ஒரு வார்த்தை செல்வமணியிடம் சொல்லி எனக்குப் போன் பண்ணச் சொல். அவர்கள் சரி என்றார்களா இல்லையா என்பதுகூட அப்புறம். நீ கேட்டாய் என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

பிரியா தன் கையால் தருணுக்கு ஒரு படம் வரைந்து மடித்து வைத்திருக்கிறாள். அதையும் செல்வமணி கொண்டு வருகிறாள். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பிரித்துப் பார்.

சொரிமுத்தையன் உங்கள் வாசலில் காவல் நிற்கட்டும். அவரை மட்டும் நம்பிப் பிள்ளையைப் பூட்டிவிட்டுப் போகாதே.

என்றும் உன் அக்கா,
சுடலைவடிவு